சண்டை தெரியாத பாத்திரம் சண்டையில் மாட்டினால்: மேஜைக் கதை ஆட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடி ஆடும் எங்கள் குழுவுக்குத் தென்காசி, கடையநல்லூர்ப் பக்கமிருந்தும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வீரனை எடுப்பதில்லை. லாரி டிரைவர், நர்ஸ், ரப்பர் பால் வெட்டுகிறவர், ஸ்கூல் டீச்சர் என்று தங்களுக்குத் தெரிந்த ஆளைத்தான் பாத்திரமாக எடுக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். முதல் சண்டை வந்ததும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். அந்தக் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

இது என்ன மாதிரி ஆட்டம்?

ஒருவர் கதையை நடத்துவார். அவரை ஜிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஆள் என்ன செய்கிறார் என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பது சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை உருட்டுவோம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் கடைக்கு வந்த முதல் ஆட்டம். சுருக்கமாக டி அண்ட் டி.

என் பாத்திரம் டீக்கடை மாஸ்டர். சண்டை வந்தால் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

இல்லை. ஆனால் இந்தப் பயம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நிறைய விதிப்புத்தகங்கள் சண்டை தெரியாதவரின் எண்ணிலிருந்து கொஞ்சம் கழித்துவிட்டு அத்தோடு கைகழுவிவிடுகின்றன. ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் உருட்டுகிறார், தவறுகிறார், அடுத்தவர் முறைக்காகக் காத்திருக்கிறார். அரை மணி நேரம் இப்படிப் போனால் யாருக்கும் வெறுத்துப்போகும்.

சண்டை தெரியாதவர் நிஜத்தில் என்ன செய்வார்? ஒதுங்குவார், ஓடுவார், சத்தம் போட்டு ஆள் கூட்டுவார், லைட்டை அணைப்பார், பின்னாலிருந்து கட்டிப் பிடிப்பார், கைக்குக் கிடைத்ததை வீசுவார், கெஞ்சுவார், பேசிச் சமாளிப்பார். இதற்கெல்லாம் விதி இருக்கிறதா, அந்த விதிப்படி செய்தால் பலன் கிடைக்கிறதா என்றுதான் நான் ஒரு ஆட்டத்தில் முதலில் பார்ப்பேன். கழிக்கும் எண் 2-ஆ 5-ஆ என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, அந்தக் கழித்தல் எவ்வளவு?

டி அண்ட் டி பரம்பரையை மட்டும் எடுத்துக்கொண்டாலே மனசு எப்படி மாறி வந்திருக்கிறது என்று தெரியும். 1978-ல் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி ஆட்டக்காரர் கையேட்டில், பழகாத ஆயுதத்தைத் தூக்கினால் என்ன நஷ்டம் என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது. பகடையில் விழுந்த எண்ணிலிருந்து போர்வீரனுக்கு 2 கழியும். பூசாரிக்கும் திருடனுக்கும் 3. மந்திரவாதிக்கு 5. போர்வீரன் எந்த ஆயுதத்தையும் ஓரளவு ஊகித்துப் பிடித்துவிடுவான், புத்தகத்தோடு வளர்ந்த மந்திரவாதியால் முடியாது என்பது அதன் எண்ணம். எனக்கு அந்த எண்ணம் இன்றும் சரியாகவே படுகிறது. ஒன்றைப் பழகினவருக்கு அதன் பக்கத்து வித்தை பாதி தெரியும்தானே.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு தொழில் வித்தியாசத்தையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரேயடியாக 4 கழித்தது. 20 பக்கப் பகடையில் 4 என்றால் நூற்றுக்கு 20. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு கழிப்பதையே விட்டுவிட்டது. பழகினவருக்குத் தேர்ச்சி எண் கூடும், பழகாதவருக்குக் கூடாது, அவ்வளவுதான். நிலை என்பது பாத்திரம் அனுபவத்தோடு ஏறும் படி. அந்தத் தேர்ச்சி எண் முதல் நிலையில் 2, பதினேழாம் நிலையில் 6. ஆரம்பத்தில் ஆயுதம் பழகினவருக்கும் பழகாதவருக்கும் நூற்றுக்கு 10 மட்டுமே வித்தியாசம்.

இதற்கு நேர் எதிர், பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்தின் 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பு. பயிற்சி உள்ளவருக்கு அவர் நிலையோடு 2 சேரும், பயிற்சி இல்லாதவருக்கு ஒன்றும் சேராது. பத்தாம் நிலையில் இருவருக்கும் நடுவே 12 வித்தியாசம். 20 பக்கப் பகடையில் 12 என்பது மலை. அந்த ஆட்டத்தில் பெரிய நிலைக் கதைக்குள் பயிற்சியில்லாத ஆளை இழுத்து விடாதீர்கள்.

ஐந்தாம் பதிப்பில் வித்தியாசம் குறைவு என்றால் சாதாரண ஆளும் ஜெயித்துவிடலாமா?

அடிப்பதில் வித்தியாசம் குறைவு, அடி தாங்குவதில் இல்லை. அந்தப் பதிப்பில் சாதாரணக் குடியானவருக்கு உயிர்ப் புள்ளி 4. வழிப்பறிக்காரனுக்கு 11. அவன் வாள் 20-க்கு 14 தடவை குடியானவர் மேல் படும். பட்டால் மூன்றில் இரண்டு தடவை அந்த ஒரே வீச்சில் 4 புள்ளியும் போய்விடும். ஆக ஒவ்வொரு வீச்சிலும் அவர் விழ ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு. பழகாதவரைக் கைத்தடுமாற்றத்தால் அல்ல, உடம்பால் பலவீனமாகக் காட்டுகிறார்கள். கணக்குக்கு இது எளிது. ஆனால் மூன்று வேளை மூட்டை தூக்கும் லோடுமேனும் 4 புள்ளிதானா என்று எங்கள் மேஜையில் கேட்காத ஆளில்லை. நான் அவருக்கு உடல்வலிமை எண்ணையும் உயிர்ப் புள்ளியையும் உயர்த்திக் கொடுத்துவிடுவேன்.

கர்ப்ஸ் என்று ஒரு ஆட்டத்தை மேஜையில் அடிக்கடி சொல்கிறீர்களே, அதில் என்ன விசேஷம்?

1986-ல் ஸ்டீவ் ஜாக்சன் கொண்டுவந்த ஆட்டம். சாதாரண ஆறு பக்கப் பகடை மூன்று போதும். மூன்றையும் உருட்டி, கூட்டுத்தொகை உங்கள் எண்ணுக்குள் வந்தால் பலித்தது. திறமை கற்காதவருக்கு அதில் ‘டிஃபால்ட்’ என்று ஒன்று உண்டு. கற்காவிட்டாலும் உங்கள் கைத்திறன் எண்ணிலிருந்து இவ்வளவு கழித்து முயலலாம் என்பது அதன் பொருள். கத்திக்கு 4 கழியும். வாள், ஈட்டி, கோடாலிக்கு 5. கராத்தே, ஜூடோ போன்ற முறைப்படியான வித்தைகளுக்கு டிஃபால்ட்டே கிடையாது. கற்காதவர் அவற்றை முயலவே முடியாது.

சராசரி ஆளின் கைத்திறன் 10. அவர் கோடாலி மாதிரி ஒன்றை எடுத்துச் சுற்றினால் 5-க்குள் விழ வேண்டும். மூன்று பகடை மொத்தம் 216 விதமாக விழலாம். அதில் 5-க்குள் வருவது 10 மட்டும். நூறு தடவை வீசினால் ஐந்து தடவைகூடப் படாது. இதைப் பார்த்ததும் இந்த ஆட்டம் சாதாரண ஆளுக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தப் பக்கத்தோடு நிறுத்தாமல் சண்டை அத்தியாயத்தை முழுதாகப் படிக்க வேண்டும்.

முழுதாகப் படித்தால் என்ன கிடைக்கும்? ஒரு சண்டையை எடுத்துச் சொல்லுங்களேன்.

எங்கள் மேஜையில் நடந்த ஒன்றையே சொல்கிறேன். புளியரை தாண்டி மலையேற்றத்தில் ராத்திரி ஒரு வைக்கோல் லாரி பஞ்சர். டிரைவர், கிளீனர், லிஃப்ட் கேட்டு ஏறிய டீச்சர் என மூன்று பேர். மூவருக்கும் கைத்திறன் 10, சண்டைத் திறமை எதுவும் இல்லை. இருட்டிலிருந்து கத்தியோடு ஒருவன் வருகிறான். கத்தியில் அவன் திறமை 12, அதாவது நூற்றுக்கு 74 தடவை அவன் குத்து சரியாக வரும்.

அவன் முதலில் டீச்சர் மேல் பாய்ந்தான். டீச்சராக ஆடினவர், “கைப்பையால தடுக்கறேன்” என்றார். “டீச்சர், தடுத்தா அஞ்சுக்குள்ள விழணும். ஒதுங்கினா எட்டு” என்றேன். கர்ப்ஸில் ஆயுதத்தால் தடுப்பது திறமையைப் பொறுத்தது, விலகுவது உடம்பைப் பொறுத்தது. திறமை இல்லாதவருக்கு விலகல் எண் 8. முழுத் தற்காப்பு என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் 2 கூடும். பின்வாங்கிக்கொண்டே விலகினால் இன்னும் 3. மொத்தம் 13. நூற்றுக்கு 84 தப்பிக்கலாம்! தடுக்கப் பார்த்தால் நூற்றுக்கு 5, பின்வாங்கி விலகினால் 84. கத்தியைக் கண்டால் எதிர்த்து நிற்காமல் பின்னால் குதிக்கும் சாதாரண மனுஷ புத்தியை அந்த விதி அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. டீச்சர் லாரியைச் சுற்றிப் பின்வாங்கினார். அவன் துரத்தினான்.

இப்போது அவன் முதுகு கிளீனர் பக்கம். கிளீனராக ஆடிய தம்பி, “அண்ணே, நான் பின்னாலேர்ந்து கட்டிப் பிடிக்கறேன்” என்றான். பிடிப்பதற்கும் வெறுங்கையால் குத்துவதற்கும் கர்ப்ஸில் எதுவும் கழியாது, நேரே கைத்திறன் எண்தான். 10-க்குள் விழுந்தால் போதும், சரிபாதி வாய்ப்பு. எதிர்பாராமல் பின்னாலிருந்து வருவதால் எதிராளிக்குத் தற்காப்பு உருட்டலும் இல்லை. 9 விழுந்தது, பிடித்துவிட்டான். பிடிபட்டவனின் கைத்திறன் 4 குறையும், கத்தித் திறமையும் கூடவே இறங்கும். 12-ஆக இருந்தது 8-க்கு வந்தது. 74 இருந்த வாய்ப்பு 26.

கடைசியாக டிரைவர். ஜாக்கி ராடை எடுத்து, தற்காப்பை முற்றிலும் விட்டுவிட்டு முழு மூச்சாக அடிக்கிறேன் என்றார். அதற்கு 4 கூடும். 5 என்பது 9 ஆகும், வாய்ப்பு நூற்றுக்கு 37-ஐத் தாண்டும். தற்காப்பை விட்டது ஆபத்துதான், ஆனால் எதிராளி பிடியில் இருக்கும்போது அந்த ஆபத்து பாதியாகிவிட்டது. முதல் அடி தவறியது. இரண்டாவது கையில் பட்டுக் கத்தி கீழே விழுந்தது.

மூவரில் சண்டை தெரிந்தவர் என்று ஒருத்தர்கூட இல்லை. அந்த ஐந்து நிமிஷமும் மேஜையில் யாரும் போனைத் தொடவில்லை. பாத்திரத்துக்குத் திறமை இல்லாவிட்டாலும் ஆட்டக்காரரின் யோசனைக்கு இடம் இருந்தால் போதும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

கூட்டமாகச் சேர்ந்தால் பலம் கூடுமா?

கூட வேண்டும். கூடாத ஆட்டத்தை நான் சாதாரண ஆட்கள் கதைக்கு எடுப்பதில்லை. 2003-ல் வந்த சாவேஜ் வேர்ல்ட்ஸில் ஒருவனைச் சூழ்ந்து நிற்கும் ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் அடிப்பதில் 1 கூடும், அதிகபட்சம் 4 வரை. கால் ஆஃப் கதுலுவின் ஏழாம் பதிப்பில், அந்தச் சுற்றில் ஏற்கெனவே ஒருமுறை சமாளித்துவிட்டவன் மேல் அடுத்து பாய்கிறவருக்குக் கூடுதல் பகடை ஒன்று கிடைக்கும். 25 சதவீதம் உள்ளவருக்கு அது 40-ஐத் தாண்டிவிடும். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் ‘உதவி’ என்று ஒரு செயல். நீங்கள் அடிக்காமல் எதிராளியின் கவனத்தைக் கலைத்தால், உங்கள் கூட்டாளி இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வார். 55 சதவீதமாக இருந்தது ஏறக்குறைய 80 ஆகும். தன் கையால் 45 சதவீதம் அடிக்கும் டீக்கடை மாஸ்டரைவிட, குழுவின் கைதேர்ந்த ஆளுக்கு 25 சதவீதம் கூட்டிக் கொடுக்கும் டீக்கடை மாஸ்டர் பெரிய ஆள். புதிதாக வருகிறவர்களிடம் இந்த ஒரு செயலை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

கால் ஆஃப் கதுலுவில் சதவீதம் என்கிறீர்கள், அது எப்படி?

1981-ல் சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாசியம் வெளியிட்ட அமானுஷ்யக் கதை ஆட்டம். ஏறக்குறைய எல்லாத் திறமைக்கும் பிறப்பிலேயே ஒரு அடிப்படைச் சதவீதம் உண்டு. ஏழாம் பதிப்பில் கைகலப்புக்கு 25, கைத்துப்பாக்கிக்கு 20, ரைஃபிளுக்கு 25. சண்டையில் தெரியாது என்று ஒரு நிலையே கிடையாது, கொஞ்சம் தெரியும் என்பதிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பேராசிரியரும் பத்திரிகைக்காரரும்தான் அதில் வழக்கமான பாத்திரங்கள் என்பதால் அது பொருத்தமும்கூட.

அதே கம்பெனி 1978-ல் கொண்டுவந்த ரூன்குவெஸ்டிலிருந்து வந்த ஒரு அருமையான விதி இதில் இருக்கிறது. ஒரு திறமையை ஆட்டத்தில் பயன்படுத்திப் பலித்தால் அதன் பக்கத்தில் ஒரு டிக். கதை முடிந்ததும் நூறு பகடை, அதாவது 1 முதல் 100 வரை எண் தரும் பகடை, உருட்டி, இப்போதைய எண்ணுக்கு மேலே விழுந்தால் திறமை கூடும். 25 சதவீதம் உள்ளவர் நூற்றுக்கு 75 தடவை முன்னேறுவார். 80 உள்ளவர் 20 தடவைதான். தெரியாதவர் சீக்கிரம் கற்பார், தெரிந்தவர் மெதுவாக. முதல் சண்டையில் நடுங்கின நர்ஸ், நாலைந்து கதை கழித்து நின்று சமாளிப்பதை அந்தத் தாளிலேயே பார்க்கலாம்.

‘கற்காதவர்’ என்பதும் ‘பூஜ்யம்’ என்பதும் ஒன்றா?

எல்லா ஆட்டத்திலும் ஒன்றல்ல. இதை அழகாகப் பிரித்தது 1977-ல் மார்க் மில்லர் எழுதிய டிராவலர் என்ற விண்வெளி ஆட்டம். இரண்டு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். ஆயுதம் அறவே தெரியாதவருக்கு 5 கழியும். வேறு சாதகம் இல்லாவிட்டால் அவருக்கு 13 வேண்டும், இரண்டு பகடையில் 13 விழாது. அதனால் ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் எல்லோருக்கும் எல்லா ஆயுதத்திலும் பூஜ்ய நிலைத் தேர்ச்சி இருப்பதாக வைத்துக்கொள் என்று புத்தகமே சொல்லிவிட்டது. பூஜ்யம் என்றால் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். 36-ல் 15, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 42. பின்னால் 2008-ல் மங்கூஸ் கம்பெனி வெளியிட்ட பதிப்பு அந்த 5-ஐ 3 ஆக்கியது.

பூஜ்யம் என்ற படியை நீங்களும் உங்கள் ஆட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்சிசியில் இருந்தவர், சின்ன வயசில் சிலம்பம் கொஞ்சம் சுற்றினவர், கபடி ஆடினவர் எல்லோருக்கும் அது பொருந்தும்.

நிஜத்தில் பயிற்சி இல்லாதவருக்கு எது குறை? அடிப்பதா?

விதிப்புத்தகங்கள் பெரும்பாலும் அடியில்தான் கழிக்கின்றன. எனக்கு அது உடன்பாடில்லை. நம் பக்கத்து வித்தைகளையே பாருங்கள். வடக்கன் களரியில் முதலில் மெய்த்தாரி. உடம்பை வளைக்க, தாழ, தாவ, திரும்பப் பழக்குவது. அப்புறம்தான் கோல்தாரி, மரக்கோல்கள். அதற்குப் பிறகு அங்கத்தாரி, வாளும் கேடயமும் போன்ற இரும்பு ஆயுதங்கள். வெறுங்கை வித்தை கடைசியில். கத்தியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் காலுக்கும் இடுப்புக்கும் அவ்வளவு நாள் பாடம் நடக்கிறது. சிலம்பத்திலும் கம்பு சுற்றுவதோடு காலடி வரிசையும் சேர்ந்தே வரும். பயிற்சி இல்லாதவருக்கு உண்மையில் இல்லாதது தூரக் கணக்கும் காலடியும் பதறாத மனசும். ஓங்கி அடிக்க யாருக்கும் தெரியும்.

அதனால் எங்கள் மேஜையில் ஒரு வீட்டு விதி. பயிற்சி இல்லாதவர் சண்டையின் முதல் சுற்றில் எல்லோருக்கும் கடைசியாகத்தான் செயல்படுவார். அந்தத் திகைப்பு நேரம் கழிந்த பிறகு அடிப்பதில் நான் அதிகம் கழிப்பதில்லை. இதை ஆரியங்காவிலிருந்து வரும், சில வருஷம் களரி பயின்ற ஒரு சேட்டனிடம் சொன்னபோது, “முதல் அடி விழறது வரைக்கும்தான் எல்லா வித்தியாசமும்” என்றார்.

ஒன்று கவனித்தீர்களா? கர்ப்ஸில் வெறுங்கைக் குத்து எல்லோருக்கும் இலவசம், களரியில் வெறுங்கை கடைசிப் பாடம். இரண்டும் சரிதான். குத்துவது எல்லோருக்கும் முடியும், வெறுங்கையோடு வாள்காரன் முன்னால் நிற்பது எல்லாம் கற்றவருக்குத்தான் முடியும்.

தினமும் அரிவாள் பிடிக்கிறவருக்கும் கழிக்க வேண்டுமா?

இது எங்கள் பக்கத்தில் வந்தே தீரும் கேள்வி. ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை மரம் மரமாகப் போய்ப் பட்டை சீவுகிறவர் கையில் கத்தி அவ்வளவு நுணுக்கமாக நிற்கும். தேங்காய் வெட்டுகிறவர் ஓங்கினால் குறி தப்பாது. ஆனால் மரம் நகராது, தேங்காய் திருப்பி வெட்டாது.

நான் செய்வது இப்படி: அசையாத அல்லது பிடிபட்ட இலக்கு என்றால் எதுவும் கழிப்பதில்லை. எதிர்த்து நிற்கிற ஆள் என்றால் பாதி கழிப்பேன். தொழில் கருவிக்கு மரியாதை கொடுத்த ஆட்டம் 2012-ல் குட்மன் கேம்ஸ் வெளியிட்ட டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ். அதில் பூஜ்ய நிலை பாத்திரத்துக்கு முதலில் பகடையில் ஒரு தொழில் விழும், அந்தத் தொழிலோடு ஒரு கருவியும் கிடைக்கும், அந்தக் கருவியில் அவர் பழகினவராகவே கருதப்படுவார்.

அந்த ஆட்டத்தில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாவார்களாமே?

ஆமாம், அது வேண்டுமென்றே வைத்தது. ‘புனல்’ என்று சொல்லும் முதல் கதையில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் மூன்று நான்கு கிராமத்து ஆட்களை வைத்துக்கொள்வார். ஒவ்வொருவருக்கும் உயிர்ப் புள்ளி பெரும்பாலும் 1 முதல் 4 வரைதான். கதை முடிவில் பிழைத்திருப்பவரே உங்கள் நிஜப் பாத்திரம். ஒருவருக்கு ஒரே ஆள் என்று இல்லாததால் சாவு ஆட்டத்தை நிறுத்தாது. பெரியவர்கள் மேஜைக்கு நல்ல அனுபவம். சின்னப் பிள்ளைகளோடு ஆடினால் செத்தவர்களை மயங்கினவர்கள் ஆக்கிவிடுங்கள். பத்து வயசுப் பிள்ளைக்குத் தான் பேர் வைத்த ஆள் போவது சின்ன விஷயம் இல்லை.

துப்பாக்கி இருந்தால்?

வித்தியாசம் குறையும். கர்ப்ஸில் துப்பாக்கிக்கு 4 கழியும், வாளுக்கு 5. எதிராளி தடுக்க முடியாது என்பதே பெரிய சாதகம். எல்லைக் கதைகளில் எஸ்டேட் ரைஃபிள் ஒன்றுக்கு மேல் நான் கொண்டுவருவதில்லை. வந்தால் மற்ற யோசனையெல்லாம் நின்றுபோகிறது.

ஓடிப்போனால் அது தோல்விதானே?

இந்த எண்ணத்தை மேஜையிலிருந்து எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 1981-ல் டாம் மோல்ட்வே திருத்திய அடிப்படை டி அண்ட் டி புத்தகத்தில் எதிராளிகளுக்கு ‘மன உறுதி’ என்று ஒரு எண் உண்டு. அவர்கள் பக்கம் முதல் ஆள் விழும்போதும், பாதிப் பேர் விழுந்தபோதும் ஜிஎம் இரண்டு பகடை உருட்டுவார். எண்ணுக்கு மேல் வந்தால் ஓடிவிடுவார்கள் அல்லது பணிந்துவிடுவார்கள். சாதாரண மனிதரின் மன உறுதி 6. அப்படிப்பட்ட ஐந்து பேர் கும்பலில் ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் கலைய நூற்றுக்கு 58 வாய்ப்பு.

சண்டை தெரியாத பாத்திரங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எந்த விதியும் செய்ததில்லை என்று நினைக்கிறேன். ஐந்து பேரையும் அடித்துப் போட அவர்களால் முடியாது. ஒருவனைச் சாய்க்க முடியும். பின்னால் வந்த பதிப்புகளில் இந்த விதி ஓரத்துக்குப் போய்விட்டது. எந்த ஆட்டம் ஆடினாலும் நான் இதைக் கூடவே வைத்துக்கொள்கிறேன்.

ஃபேட் என்ற ஆட்டத்தில் உங்கள் பக்கத்துக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. தோற்பதற்கு முன்னால் நீங்களே விட்டுக்கொடுத்தால், எப்படித் தோற்றீர்கள் என்று சொல்வதில் உங்களுக்கும் பங்கு உண்டு, பிறகு செலவழிக்கப் புள்ளியும் கிடைக்கும். லாரியைப் பறிகொடுத்தோம், ஆனால் மூவரும் பள்ளத்தில் இறங்கித் தப்பினோம் என்று நீங்களே சொல்லலாம். அடுத்த கதைக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

குழுவில் ஒருவர் களரி குருக்கள், அதாவது களரி ஆசான், மற்ற மூவர் சாதாரண ஆட்கள். கதை அவரைச் சுற்றியே போய்விடாதா?

சண்டையின் நோக்கம் எதிராளியைக் கொல்வது மட்டும்தான் என்றால் போய்விடும். அதனால் நோக்கத்தை மாற்றுங்கள். பாலத்தில் ரயில் வருவதற்குள் தண்டவாளத்தில் கிடப்பதை அகற்ற வேண்டும். குருக்கள் இரண்டு பேரை மறித்து நிற்கிறார், டிரைவர் நெம்புகோல் போடுகிறார், நர்ஸ் அடிபட்டவரைப் பார்க்கிறார், டீச்சர் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓடுகிறார். நால்வருக்கும் பகடை உருளும், நாலு உருட்டலும் முக்கியம்.

எங்கள் ஊர்க் கதை நடத்த எந்த ஆட்டம் எடுக்கலாம்?

பேய், மர்மம் என்றால் யோசிக்காமல் கால் ஆஃப் கதுலு. அதன் வழக்கமான காலம் 1920-கள். நம் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, பிறகு திருவிதாங்கூர்-கொச்சியில், 1956 நவம்பர் 1 வரை. கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து வரும் ரயில் பாதை 1904-லேயே திறந்தாயிற்று. கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம், குகைகள், மழை, எல்லையில் சுங்கச் சோதனை எல்லாம் தயாராக இருக்கின்றன. ஸ்டேஷன் மாஸ்டர், எஸ்டேட் கணக்குப்பிள்ளை, மருத்துவச்சி என்று பாத்திரம் எடுங்கள். சண்டை கணக்கு நுணுக்கமாக வேண்டும், இன்றைய காலக் கதை என்றால் கர்ப்ஸ். பள்ளிப் பிள்ளைகளோடு என்றால் டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு, மன உறுதி விதியைச் சேர்த்துக்கொண்டு.

விதிப்புத்தகம், பகடை எல்லாம் எங்கே கிடைக்கும்?

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை 2023-ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள், தரவிறக்கிக்கொள்ளலாம். கர்ப்ஸுக்கு லூடோப் பெட்டியிலிருந்து மூன்று பகடை எடுத்தால் போதும். டிராவலருக்கு இரண்டு. 20 பக்கப் பகடையும் நூறு பகடையும் இணையத்தில் செட்டாக விற்கின்றன. வரும்வரை போனில் பகடை ஆப் வைத்துச் சமாளிக்கலாம். புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஒருவர் படித்துவிட்டு மற்றவர்களுக்குத் தமிழில் சொன்னால் போதும், எங்கள் மேஜையில் அப்படித்தான் நடக்கிறது.